ஃபேர்னா என்ன பாப்பா?

1996ஆம் வருஷம். பி.ஏ. ஆங்கில இலக்கியம் முடித்த கையோடு, கும்பகோணத்தில் சித்தப்பாவின் விளம்பர ஏஜென்சிக் கடையில் போய் உட்கார்ந்தேன். எனக்கு அங்கே ஒரே வேலைதான். ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலப் பத்திரிகைகளுக்குப் போகிற வரன் விளம்பரங்களை, வந்தவர்கள் தமிழில் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதித் தரவேண்டும். சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம். அதனால் எண்ணி எண்ணித்தான் எழுதுவோம். வயசு, உயரம், படிப்பு, நட்சத்திரம், அப்புறம் நிறம். நிறத்துக்கு ஆங்கிலத்தில் நாலே எழுத்தில் ஒரு சொல் தயாராக இருந்தது. ஃபேர்.

ஆடி முடிந்து கடையில் கூட்டம் சேரத் தொடங்கியிருந்த ஒருநாள், நாச்சியார்கோவில் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். குத்துவிளக்குப் பட்டறையில் வேலை பார்க்கிறவர். நகக்கண்களில் பித்தளை அரப்பொடி ஏறி, விரல் நுனியெல்லாம் மங்கலாக மின்னியது. உட்கார்ந்ததும், நான் கேட்காமலேயே சட்டைப்பையிலிருந்து மகளின் படத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"பேரு வேணாம் பாப்பா. வயசு இருபத்துநாலு. டீச்சர் ட்ரெய்னிங் முடிச்சிருக்கு. நல்லாப் பாடும்."

"நிறம் போடணுங்க. ஃபேர்னு போடவா?"

"பேரா? பேருதான் வேணாம்னேனே."

"பேரு இல்லீங்க, ஃபேர். பொண்ணு சிவப்பா இருக்கும்னு அர்த்தம்."

அவர் படத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். படத்திலிருந்தவள் நல்ல கறுப்பு. நெற்றியில் சின்னதாகச் சாந்துப்பொட்டு, நேராகப் பார்க்கிற கண்.

"இல்லன்னா வீட்டிஷ்னு போடுவாங்க. கோதுமை நிறம்."

"கோதுமை நம்ம பக்கம் ஏதும்மா" என்றார். கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அந்த ஃபேர்ங்கிற வார்த்தைக்கு வேற அர்த்தம் ஏதும் உண்டா?"

"உண்டுங்க. அழகுன்னும் சொல்லலாம். நியாயம்னும் சொல்லலாம்."

"அப்ப அதையே போடும்மா. பொய் ஆகாது."

போட்டேன். அன்று எனக்குத் தெரிந்தது கல்லூரி அகராதியில் பார்த்த அந்த இரண்டு அர்த்தம்தான். அதற்கப்புறம் மொழிபெயர்ப்பே பிழைப்பாகிவிட்டது. இத்தனை வருஷத்தில் அந்தச் சொல் எத்தனையோ தடவை என் மேஜைக்கு வந்திருக்கிறது. வரும்போதெல்லாம் அந்த அரப்பொடி விரல்களும் வந்திருக்கின்றன. அவர் கேட்ட கேள்விக்கு நான் அன்று சொல்லாமல் விட்டதையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவர் சொன்னது சரிதான். பொய் ஆகாது. ஃபேர் என்ற சொல்லுக்கும் தோல் நிறத்துக்கும் பிறப்பில் எந்தச் சம்பந்தமும் கிடையாது. பழைய ஆங்கிலத்தில் அது 'ஃபேயெர்'. கண்ணுக்கு இனியது, அழகானது என்று பொருள். அதற்கும் முன்னால் போனால், ஆங்கிலத்துக்கு ஒன்றுவிட்ட அக்காள் முறையாகும் கோத்திக் மொழியில் அந்தச் சொல் நிற்கிறது. கோத்திக் வழக்கொழிந்து போய்விட்டது. ஆனால் 4ஆம் நூற்றாண்டில் உல்ஃபிலா என்ற ஆயர் அந்த மொழியில் பெயர்த்த பைபிளின் பகுதிகள் இன்றும் கிடைக்கின்றன. லூக்கா சுவிசேஷத்தில் சாரமற்றுப்போன உப்பைப் பற்றி ஒரு வசனம் வரும். அது நிலத்துக்காகிலும் எருவுக்காகிலும் உதவாது என்று நம் தமிழ் பைபிள் சொல்கிற இடம். அங்கே கோத்திக்கில் இருப்பது 'ஃபாக்ர்' என்ற சொல். அந்த உப்பு நிலத்துக்கும் எருவுக்கும் ஃபாக்ர் அல்ல. அதாவது, ஏற்றதல்ல, தக்கதல்ல.

இதை முதன்முதலில் படித்தபோது நான் எழுந்து போய்த் திருக்குறளை எடுத்தேன். ஏனென்றால் தக்கது என்பதிலிருந்து அழகுக்கும் நியாயத்துக்கும் போகிற அதே பாதை தமிழிலும் இருக்கிறது. 'தகு' என்ற ஒற்றை வேரிலிருந்துதான் தகுதி வருகிறது, தகை வருகிறது, தகவு வருகிறது. தகை என்றால் அழகு. காமத்துப்பாலின் முதல் அதிகாரமே தகையணங்குறுத்தல், அழகு வருத்துவது. தகவு என்றால் ஒரு பக்கம் சாயாமை. 'தக்கார் தகவிலர் என்பது' என்று வள்ளுவர் பேசுவது நடுவுநிலைமை அதிகாரத்தில். அதே அதிகாரத்தின் முதல் குறள் 'தகுதி எனவொன்று நன்றே' என்று தொடங்குகிறது, அங்கே தகுதி என்பதும் நடுவுநிலைமைதான். எங்கோ வடக்கே பனியில் வளர்ந்த ஒரு சொல்லும் இங்கே வெயிலில் வளர்ந்த ஒரு சொல்லும், ஒன்றையொன்று பார்க்காமலே, பொருத்தமானது அழகு, பொருத்தமானது நியாயம் என்ற ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன. எனக்கு அந்த ராத்திரி தூக்கம் வரவில்லை.

சரி, நிறம் எங்கிருந்து ஒட்டிக்கொண்டது? ஆங்கிலத்துக்கு உறவான சில மொழிகளில் அது ஒட்டவே இல்லை. ஐஸ்லாந்துக்காரர்களுக்கு 'ஃபாகுர்' என்றால் இன்றும் அழகுதான். நார்வேயின் முதல் அரசன் என்று மரபில் சொல்லப்படும் ஹாரால்டை ஆங்கிலத்தில் ஃபேர்ஹேர் என்பார்கள். படிக்கிற நமக்குப் பொன்னிறத் தலைமுடி கண்ணில் வரும். அவனுடைய மொழியில் அந்தப் பட்டத்துக்கு அழகிய முடியன் என்பதுதான் அர்த்தம்.

இங்கிலாந்தில் நடந்தது வேறு. இடைக்காலத்திலேயே வெளிர்நிற முடியும் வெளிர்நிற மேனியும்தான் அழகு என்ற ரசனை ஊன்றிவிட்டது. அழகானவர் யார் என்று கேட்டால் வெளுத்தவர் என்று பதில் வந்துகொண்டே இருந்தால், காலப்போக்கில் கேள்வியே பதிலாகிவிடும். அப்படித்தான் 'அழகு' என்ற சொல்லுக்கு 'வெளுப்பு' என்ற பொருள் ஏறியது. மொழியின்மேல் பழிபோட இதில் ஒன்றுமில்லை. பேசினவர்களின் கண் எதைத் தேடியதோ அதைச் சொல் வாங்கிக்கொண்டது.

ஷேக்ஸ்பியர் காலத்தில் இந்த இரண்டு பொருளும் ஒரே வீட்டில் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. 1609இல் அச்சான அவருடைய சானட்டுகளில் 127ஆவது பாட்டு, பழைய காலத்தில் கறுப்பை ஃபேர் என்று யாரும் கணக்கில் வைத்ததில்லை என்று தொடங்கும். கறுத்த கண்ணும் கறுத்த புருவமும் கொண்ட ஒருத்தியைப் பாடப்போகிறவர், முதல் வரியிலேயே அந்தச் சொல்லோடு மல்லுக்கு நிற்கிறார். ஒதெல்லோவில் இன்னும் கூர்மையாக ஒரு இடம் உண்டு. கறுத்த தளபதி ஒதெல்லோவை மகள் மணந்துவிட்டாள் என்று பிரபாண்டியோ சபையில் வந்து புலம்புகிறார். கேட்டு முடித்த வெனிஸ் அதிபர் அவருக்குச் சொல்லும் சமாதானம் இது: நற்குணத்துக்கு அழகு உண்டென்றால், உம்முடைய மருமகன் கறுப்பைவிட ஃபேர்தான் அதிகம். ஒரே சொல்லில் அழகன், நல்லவன், வெளுத்தவன் மூன்றும். அதிபர் ஆறுதலாகத்தான் சொல்கிறார். ஆனால் அந்த ஆறுதலுக்குள்ளேயே கறுப்பு ஒரு குறை என்பது உட்கார்ந்திருக்கிறது. கல்லூரியில் இந்த நாடகம் எனக்குப் பாடம். ஆசிரியை அந்த வரியை வாசித்துவிட்டு மேலே போய்விட்டார். நாச்சியார்கோவில் பெரியவர் வந்துபோன பிறகுதான் அந்த வரி எனக்குக் கேட்டது.

இதைச் சொல்லிவிட்டு இங்கிலாந்தை மட்டும் குற்றம் சொல்லி ஒதுங்க முடியாது. நம்முடைய 'சிவப்பு' என்ன செய்கிறது? பெண் நல்ல சிவப்பு என்று நாம் சொல்கிற எந்தப் பெண்ணும் சிவப்பாக இருப்பதில்லை. செம்மை என்ற சொல்லுக்கும் ஃபேர் மாதிரியே பல அறைகள். செம்மை என்றால் நிறம். செம்மை என்றால் நேர்மை. செம்மை என்றால் சீர். செங்கோல் என்பது சிவந்த கோல் அல்ல, வளையாத கோல். நீதியும் நிறமும் ஒரே சொல்லுக்குள் குடியிருப்பது ஆங்கிலத்தின் தனிச் சொத்து இல்லை. ஆனால் வள்ளுவர் இந்தச் செம்மையை வைத்தே ஒரு எச்சரிக்கையும் விட்டிருக்கிறார். 'கணைகொடிது யாழ்கோடு செவ்விது' என்கிறார். அம்பு நேராக இருக்கிறது, கொடியது. யாழின் கொம்பு வளைந்திருக்கிறது, செவ்வியது. செய்கையைப் பார்த்து முடிவுசெய், தோற்றத்தைப் பார்த்து அல்ல.

இன்னும் பின்னால் போனால், தமிழில் அழகின் நிறமே வேறாக இருந்தது. குறுந்தொகையின் 27ஆம் பாட்டு. பாடியவர் வெள்ளிவீதியார். நல்ல பசுவின் பால் கன்றுக்கும் ஆகாமல், கறக்கிற கலத்திலும் விழாமல், மண்ணில் ஊற்றிப்போனதுபோல, எனக்கும் ஆகாமல் என் தலைவனுக்கும் உதவாமல் என் மாமைக் கவினைப் பசலை தின்னப் பார்க்கிறதே என்று ஒரு பெண் சொல்கிறாள். மாமை என்பது மாந்தளிரின் நிறம் என்பார்கள், கருமை என்பார்கள். எப்படிப் பார்த்தாலும் வெளுப்பு இல்லை. பசலை என்பதுதான் வெளிறிப்போவது. மேனி வெளிறினால் அழகு போயிற்று என்று அழுத மொழி இது. அந்த மாமையின் 'மா'தான் இன்றைக்கு நாம் சொல்கிற மாநிறத்திலும் இருக்கிறது. 'பொண்ணு மாநிறம்தான்' என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறோமே, அந்த 'தான்' எப்போது வந்து ஒட்டியது? சங்கத்துப் பெண் கேட்டால் அவளுக்குப் புரியாது.

அந்தக் கடையில் நான் இருந்த பதினெட்டு மாதத்தில் எத்தனை 'ஃபேர்' எழுதினேன் என்று கணக்கில்லை. மாப்பிள்ளை வீட்டார் கேட்பதும் அது, பெண் வீட்டார் சொல்வதும் அது. 1975இல் கடைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 45 வருஷம் கழித்து 2020இல் பெயரிலிருந்த ஃபேரை உதிர்த்து க்ளோ அண்ட் லவ்லி ஆனது. அதற்கு வெகுமுன்னே, 2009இல், சென்னையின் விமன் ஆஃப் வொர்த் அமைப்பு 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்று ஒரு இயக்கத்தையே தொடங்கியிருந்தது. அந்த வாசகத்தைக் கேட்டபோது எனக்கு 127ஆவது சானட் ஞாபகம் வந்தது. நானூறு வருஷமாக அதே சண்டை.

நிறத்தை விட்டுத் தள்ளி நின்று பார்த்தால், இந்தச் சொல்லுக்கு எவ்வளவு நல்ல உலகம் இருக்கிறது! வானிலையை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஆங்கிலேயர் வீடுகளின் சுவரில் வட்டமான காற்றழுத்தமானி தொங்கும். அதன் முகத்தில் புயல், மழை, மாற்றம், ஃபேர், கடும் வறட்சி என்று வரிசையாக எழுதியிருக்கும். மழை இல்லாமல், வெட்டவெளியாக, இதமாக இருந்தால் முள் ஃபேரில் நிற்கும். ஓயாமல் தூறுகிற ஊரில் பிறந்த சொல் அல்லவா! காவிரிக் கரையில் அந்தக் கருவியைச் செய்திருந்தால் அந்த இடத்தில் மழையைத்தான் எழுதியிருப்போம். ஆடிப்பட்டத்தில் வானம் ஃபேராக இருந்தால் என் அப்பா சாப்பிடாமல் படுத்துவிடுவார்.

பள்ளிக்கூடத்து ஃபேர் நோட்டு எல்லோருக்கும் தெரியும். ரஃப் நோட்டில் அடித்துத் திருத்தி எழுதியதை ஃபேர் நோட்டில் அழகாக எடுத்தெழுதுவோம். கறை இல்லாதது, அடித்தல் இல்லாதது என்ற அந்தப் பொருள் எனக்குப் பிடித்தமானது. புத்தகக் கண்காட்சிக்குச் சொல்கிற ஃபேர் மட்டும் வேறு குடும்பம். அது லத்தீனில் திருவிழா நாளைக் குறிக்கும் ஃபேரியாவிலிருந்து வந்தது. எழுத்து ஒன்றாக இருப்பதால் பலர் குழம்புகிறார்கள்.

இனி நியாயம். ஆங்கிலத்தில் இந்தப் பொருள் 14ஆம் நூற்றாண்டுக்குள் ஊன்றிவிட்டது. ஆனாலும் ஜஸ்ட் வேறு, ஃபேர் வேறு. இந்த வித்தியாசத்தில்தான் மொழிபெயர்ப்பாளர்கள் தடுக்கி விழுகிறோம். நீதி மேலேயிருந்து வருவது. அரசன் தருவது, நீதிபதி தருவது, கடவுள் தருவது. ஃபேர் என்பது சமமாக நிற்கிறவர்களுக்குள் நடப்பது. எல்லோரும் ஒத்துக்கொண்ட விதியை எல்லோருக்கும் ஒரே மாதிரி வைப்பது. ஆங்கிலக் குழந்தை காலை உதைத்துக்கொண்டு 'இட்ஸ் நாட் ஃபேர்' என்று கத்துமே, அதற்கு 'இது நீதியல்ல' என்று தமிழில் எழுதிப் பாருங்கள், குழந்தை காணாமல் போய்விடும். எங்கள் தெருப் பிள்ளைகள் சொல்வது 'இது அழுகுணி ஆட்டம்'. சென்னையில் 'போங்கு'. இந்த இரண்டும்தான் சரியான மொழிபெயர்ப்பு. ஆனால் போங்குக்கு எதிர்ப்பதம் நம் பிள்ளைகளிடம் தனிச் சொல்லாக இல்லை. ஒழுங்கா விளையாடு என்பதோடு சரி. ஜெர்மானியர்கள் இந்தச் சிக்கலுக்கு ஆங்கிலச் சொல்லையே எடுத்துவைத்துக்கொண்டார்கள். ஃபேர், அன்ஃபேர் இரண்டும் இன்று ஜெர்மன் அகராதியில் இருக்கின்றன. ஆன்னா வெர்ஸ்பிக்கா என்ற மொழியியலாளர் ஃபேர் என்பது ஆங்கிலப் பண்பாட்டுக்கே உரிய கருத்து, வேறெந்த மொழியிலும் அதற்கு நேர்ச்சொல் இல்லை என்று விரிவாக வாதிட்டிருக்கிறார். எனக்கு அவரோடு பாதி உடன்பாடு. மீதிப் பாதியைப் பிறகு சொல்கிறேன்.

ஃபேருக்கு எதிர் ஃபவுல். பழைய ஆங்கிலத்தில் ஃபவுல் என்றால் அழுகியது, நாறுவது. மைதானத்தில் நடுவர் ஃபவுல் என்று ஊதும்போது அந்த நாற்றம்தான் கொஞ்சம் வீசுகிறது. கிரிக்கெட்டில் இந்த எல்லைக்கோடு எங்கே என்று நம் ஊர்க்காரர் ஒருவரை வைத்தே உலகம் விவாதித்தது. 2019 மார்ச்சில் ஜெய்ப்பூரில், ஐபிஎல் ஆட்டத்தில், பந்து வீசுகிற முனையில் நின்று, வீசும் முன்பே கிரீஸை விட்டு நகர்ந்த மட்டையாளர் ஜாஸ் பட்லரை அஸ்வின் ரன் அவுட் ஆக்கினார். 1947இல் சிட்னியில் வினு மன்கட் பில் பிரவுனை அவுட்டாக்கிய அதே முறை. விதியில் இடம் இருந்தது. ஆனால் விதிப்புத்தகத்தில் அந்தப் பிரிவு எங்கே இருந்தது தெரியுமா? 'அன்ஃபேர் ப்ளே' என்ற தலைப்புக்குக் கீழே. அன்ஃபேர் என்று தலைப்பு வைத்தது ஓட்டத்தைத் திருடுகிற மட்டையாளரை. ஊர் முழுக்கத் திட்டியதோ பந்து வீசினவரை. 2022இல், கிரிக்கெட் விதிகளை எழுதுகிற எம்.சி.சி. கிளப் அந்தப் பிரிவைத் தூக்கி ரன் அவுட் விதிக்குள் வைத்தது. ஒரு பெயரடையின் நிழலிலிருந்து ஒரு செயலை வெளியே கொண்டுவர, மன்கட்டிலிருந்து எண்ணினால், முக்கால் நூற்றாண்டு ஆகியிருக்கிறது. அஸ்வின் செய்தது ஃபேர்தான் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

அரசாங்கத் தமிழில் ஃபேருக்கு 'நியாய' என்று போட்டுவிட்டார்கள். ரேஷன் கடை வாசலில் நியாய விலைக் கடை. பழைய வாடகைச் சட்டத்தில் நியாய வாடகை. இதெல்லாம் நல்ல மொழிபெயர்ப்புகள். பலகையில் அந்தச் சொல்லைப் படிக்காத வீடே இல்லை.

ஒரு இடத்தில் மட்டும் அந்தச் சொல் தமிழாகாமல் மூன்று எழுத்துக்குள் ஒளிந்துகொண்டது. எஃப்.ஏ.க்யூ. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் அடிபடுகிற சொல். ஃபேர் ஆவரேஜ் குவாலிட்டி. ஒரு குறுவை அறுவடையின்போது மழை பிடித்துக்கொண்டது. அப்பா நெல்லை ரோட்டில் கொட்டிக் காயவைத்து, மேகம் திரண்டால் ஓடிப்போய்க் குவித்துத் தார்ப்பாய் மூடி, மறுபடி பரப்பி, நாலு நாள் இப்படியே. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதமானியைச் செருகிப் பார்த்தவர் 19 என்றார். 17க்கு மேல் எடுக்கமாட்டோம். அப்பா ஒரு பிடி நெல்லை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து, உமியை ஊதிவிட்டு, அரிசியைக் கடித்துக் காட்டினார். நொறுக்கென்று சத்தம் வந்தது. மானியில் 19தான். சிப்பங்களைத் திரும்ப வண்டியில் ஏற்றும்போது என்னிடம் கேட்டார்: "அதென்னம்மா எஃப்.ஏ.க்யூ.?" நியாயமான சராசரித் தரம் என்றேன். "நியாயமா?" என்று மட்டும் கேட்டார். அந்த இடத்தில் நான் சொன்ன மொழிபெயர்ப்பு தப்பு. அங்கே ஃபேர் என்பதற்கு நியாயம் என்று பொருளே இல்லை. சுமார், பரவாயில்லை, தள்ளத்தக்கது அல்ல என்பதுதான் பொருள்.

அழகின் உச்சியில் இருந்த சொல் எப்படி இங்கே வந்து சேர்ந்தது என்று யோசித்தால் எனக்கு மனசு கனக்கும். 19ஆம் நூற்றாண்டுப் பருத்திச் சந்தையில் ஃபேர் என்றால் மேல்தரம். மிட்லிங் என்பது நடுத்தரம். இன்று பழைய புத்தக வியாபாரிகளின் தரவரிசையைப் பாருங்கள். ஃபைன், வெரி குட், குட், அதற்கும் கீழே ஃபேர், கடைசியில் புவர். ஃபேர் என்று குறித்த புத்தகத்தை வாங்கினால் அட்டை தொங்கும், தலைப்புப் பக்கத்துக்கு முந்தைய வெற்றுத்தாள் இருக்காது, பாடம் மட்டும் முழுசாக இருக்கும். பள்ளி ரிப்போர்ட் கார்டிலும் அதே கதை. மூன்றாம் வகுப்பில் என் கையெழுத்துக்கு ஃபேர் என்று போட்டிருந்தார்கள். ஃபேர் நோட்டில் எழுதுகிற அழகான எழுத்துக்கு ஃபேர் என்று போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து அப்பாயியிடம் ஓடிக் காட்டினேன். அப்பாயி நெட்டி முறித்தாள். சுமார் என்று தெரிய எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

ஏன் இப்படி இறங்குகிறது? நயத்தக்க நாகரிகம்தான் காரணம் என்று நினைக்கிறேன். மோசம் என்று முகத்துக்கு நேரே சொல்ல மனசு வராதவர்கள் ஒரு நல்ல சொல்லை எடுத்து அந்த இடத்தில் வைக்கிறார்கள். வைத்து வைத்து அந்தச் சொல் தேய்கிறது. நாமும் 'பரவாயில்லை' என்பதை அப்படித்தான் தேய்த்து வைத்திருக்கிறோம்.

நயம் என்று எழுதிவிட்டேன். வெர்ஸ்பிக்காவுக்கு நான் உடன்படாத மீதிப் பாதி இந்தச் சொல்தான்.

ஒருநாள் மளிகைக்கடையில் நிற்கிறேன். சாக்கின்மேல் அட்டை செருகி 'நயம் புளி' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் நயம் துவரம்பருப்பு. இங்கே நயம் என்றால் கலப்படமில்லாத நல்ல தரம். எனக்கு முன்னால் நின்ற அம்மாள் கூட வந்தவளிடம் 'விலையும் நயமாத்தான் இருக்கு' என்றாள். இங்கே நயம் என்றால் கொடுக்கக்கூடிய விலை. ஃபேர் ப்ரைஸ் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டுப் பையன் பரீட்சைக்குப் படிக்கிறான்: பின்வரும் பாடலின் நயம் பாராட்டுக. அங்கே நயம் என்றால் அழகு. கோபமாகப் போன மருமகனிடம் நயமாகப் பேசிக் கூட்டிவா என்றால் அங்கே நயம் இதம். குறளில் 'நயனொடு நன்றி புரிந்த பயனுடையார்' என்று வருகிற இடத்தில் பரிமேலழகர் நயனுக்கு நீதி என்றே உரை எழுதுகிறார். கெட்ட பக்கமும் பொருந்துகிறது. ஆங்கிலத்தில் ஃபேர் வேர்ட்ஸ் என்று வெளிப்பூச்சுப் பேச்சைச் சொல்வார்கள், நமக்கு நயவஞ்சகம். அழகு, தரம், விலை, இதம், நீதி, ஏமாற்று வரைக்கும் ஃபேர் போன இடமெல்லாம் நயமும் போயிருக்கிறது. தோல் நிறத்துக்கு மட்டும் போகவில்லை. நயமான பெண் என்று சொன்னால் கேட்கிறவர் மனதில் எந்த நிறமும் வராது. நேர்ச்சொல் எங்குமே இல்லை என்பதை அதனால்தான் நான் ஏற்பதில்லை.

அதன்பிறகு மொழிபெயர்ப்பில் ஃபேர் வந்தால் முதலில் நயத்தை வைத்துப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. எல்லா இடத்திலும் உட்காராது. ஒப்பந்தப் பத்திரத்தில் நியாயமான என்றுதான் எழுதவேண்டும், ஆட்டத்தில் ஒழுங்கு என்றுதான் வரும். ஆனால் பழைய கவிதைகளில், ஒருத்தியை ஃபேர் என்று விளிக்கும் இடங்களில், 'வெண்ணிற அழகியே' என்று எழுதுகிற கை எனக்குப் போய்விட்டது. அந்த வெண்ணிறம் பல இடங்களில் மூலத்தில் இல்லை. நாம் சேர்ப்பது.

விளம்பரம் வந்து மூன்று வாரம் கழித்துப் பெரியவர் மறுபடி கடைக்கு வந்தார். பாக்ஸ் நம்பருக்கு வந்த கடிதங்கள் கட்டாக இருந்தன. தமிழில் இருந்ததையெல்லாம் அவரே படித்தார், உதடு அசைய, மெதுவாக. ஆங்கிலத்தில் இருந்த இரண்டை என்னிடம் தள்ளினார். ஒன்று மெட்ராஸிலிருந்து. பையன் பள்ளி ஆசிரியர், தாய் மட்டும் உண்டு, பெண் பாடுவாள் என்று அறிந்து மகிழ்ச்சி. கடைசி வரியில், விளம்பரத்தில் கண்டபடி பெண் ஃபேர்தானா என்று உறுதிப்படுத்தவும்.

படித்துச் சொன்னேன். சொல்லும்போது எனக்குக் குரல் இறங்கியது. எழுதினது நான் அல்லவா!

"என்னங்க எழுதட்டும்?"

அவர் படத்தை எடுக்கவில்லை. யோசிக்கவும் இல்லை. "ஆமான்னு எழுதும்மா" என்றார். "நேர்ல வந்து பாக்கட்டும். வந்தா ஒரு பாட்டுப் பாடச் சொல்றேன்."

ஒரு கார்டை எடுத்து ஆங்கிலத்தில் அந்த ஒரு வரியை எழுதினேன். ஆம், என் மகள் ஃபேர்தான். கீழே தமிழில் கையெழுத்துப் போட்டார். கார்டின் ஓரத்தில் அவர் பிடித்திருந்த இடத்தில் பித்தளைத்தூள் லேசாக ஒட்டியிருந்தது. துடைக்காமல் அப்படியே தபாலில் சேர்த்தேன்.